பவுனுக்கு இடப்பக்கம் தெரியாது

எங்கள் நெடுந்தீவில் குதிரைக்குக் கடிவாளம் கிடையாது. ஏறுவதற்கு ஆளும் கிடையாது. உப்புக்காற்றை முகர்ந்து, கிடைத்த புல்லைக் கடித்து, கடலைப் பார்த்தபடி அவை தம்பாட்டில் நிற்கும். நாங்கள் எங்கள்பாட்டில் போவோம். ஆகவே, கடிவாளம் இல்லாமல் ஒரு குதிரை ஆறு மாதமாய் வண்டி இழுக்கிறது என்று திருவண்ணாமலைப் பொலிஸ் நிலையத்தில் ஒருத்தி உரத்துச் சொன்னபோது, பாஸ்போர்ட்டை நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன்.

நான் அங்கே நின்ற காரணம் சின்னது. இலங்கையில் சண்டை ஓய்ந்து, கொழும்புக்குப் பாதை திறந்திருந்த காலம். அக்காவுக்குக் கண் ஆப்பரேஷன் செய்யச் சென்னைக்கு வந்திருந்தோம். கட்டுப் போட்ட கண்ணோடு அவள் படுத்திருக்க, நான் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். நாற்பத்தெட்டு வயதாகியும் ஓரிடத்தில் இருக்கத் தெரியாத கால்கள் எனக்கு. "உன்ர காலடிச் சத்தம் தலைக்குள்ள கேக்குது. போ, தீபம் பார்த்து என்ர நேர்த்திக்கும் சேர்த்து மலையைச் சுத்திப்போட்டு வா" என்று அவளே அனுப்பிவிட்டாள்.

செஞ்சி தாண்டியதும் பஸ்ஸின் டயர் வெடித்தது. யாரும் பதறவில்லை. இறங்கி, வரப்பில் இருந்தவளிடம் வேர்க்கடலை வாங்கித் தோல் உரித்தார்கள். எங்கள் ஊரில் வெடிச்சத்தம் கேட்டால் முதலில் படுப்போம். பிறகுதான் என்ன வெடித்தது என்று பார்ப்போம். நான் பாதி குனிந்துவிட்டு, செருப்பு வாரைச் சரிசெய்வதாய்ப் பாவனை பண்ணினேன். ஒரு பிடிக் கடலை என் கையில் விழுந்தது. "சாப்புடுங்க, அது டயருதான்" என்றார் கண்டக்டர்.

இலங்கைக்காரர் தங்கும் ஊரில் பொலிசுக்குச் சொல்ல வேண்டும் என்றிருந்தார்கள். சொல்லப் போன இடத்தில்தான் அவள். முப்பத்தைந்து வயதிருக்கும். சேலை முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தாள். பெயர் மல்லிகா என்று பிறகு அறிந்தேன். எதிரே, கடும் சளியோடு ஓர் அதிகாரி. கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே பேசினார்.

"தீபத்தன்னிக்கு அந்த ரோட்டுல எள்ளு போட்டா கீழ விழாது. அதுல கடிவாளம் இல்லாத குதிரைய வுடச் சொல்றியா?"

"அதுக்கு நாக்கு பாதிதான் கீது சார். பழைய ஆளு முள்ளுக் கடிவாளம் போட்டு இழுத்து அறுத்துட்டான். எதுல மாட்டுறது?"

"மூக்குக்கு மேல கயிறு போடு."

"தலையில எது கட்டுனாலும் எழும்பி நிக்கும் சார். கழுத்துல கயிறு போட்டுப் பழக்கியிருக்கேன். சொன்னா நிக்கும். ஒருத்தர் மேல இடிச்சதில்ல."

திருவிழா நாட்களில் மலை சுற்றும் பாதையில் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதியில்லை. வழி நெடுக அன்னதானப் பந்தல்கள். அவற்றுக்கு அரிசியும் காய்கறியும் தண்ணீரும் போய்ச் சேரக் குதிரை வண்டிதான் வேண்டும். அதற்குப் பொலிஸ் பாஸ் வேண்டும். வருஷத்தின் பெரிய வேலை அது. மல்லிகா அந்தப் பாசுக்குத்தான் நின்றாள்.

அதிகாரி மூக்கைச் சிந்திவிட்டு முடிவு சொன்னார். "சனிக்கிழம காலையில வேங்கிக்கால் மைதானத்துக்கு வண்டிய கொண்டா. நிறுத்திக் காட்டு. வலதுபக்கம் திருப்பு, இடதுபக்கம் திருப்பு. என் கண்ணால பாத்தா பாஸ்."

"சரி சார்" என்றாள், பாஸ் கையில் கிடைத்தவள் மாதிரி. அன்று புதன்.

எழுத்தர் என் பக்கம் திரும்பினார். "எங்க தங்கியிருக்கீங்க?" நான் விழித்தேன். ரமணாசிரமப் பக்கத்து அறைகளெல்லாம் வெள்ளைக்காரர்களாலும் வடக்கத்தியாராலும் நிறைந்துவிட்டன என்று ஆட்டோக்காரர் ஏற்கனவே சொல்லியிருந்தார். மல்லிகாதான் சொன்னாள்: "அடி அண்ணாமலை, என் வூடுன்னு எழுதிக்கோங்க சார். ஒரு ரூம்பு காலியா கீது." பிறகு என்னிடம், "நீங்க பேசுறது மலையாளமா அக்கா?"

"தமிழ்தான்."

"அப்ப நாங்க பேசுறது?" என்று சிரித்தாள்.

வாசலில் புங்கமரத்து நிழலில் அந்தக் குதிரை, பவுனு, நின்றது. பழுத்த எலுமிச்சைக்கும் செம்மண்ணுக்கும் நடுவில் ஒரு நிறம். தலையில் ஒன்றுமில்லை. வாரில்லை, குஞ்சமில்லை, மணியில்லை. கழுத்தடியில் ஒரு பருத்திக்கயிறு வளையம்; அதிலிருந்து இரண்டு கயிறுகள் வண்டிக்கு. இவ்வளவு வெறுமையான குதிரைமுகத்தை எங்கள் தீவுக்கு வெளியே நான் கண்டதில்லை. அது வாயைத் திறந்து கொட்டாவி விட்டபோது, பாதியில் முடிந்த நாக்கு தெரிந்தது. நான் கண்ணை எடுத்துக்கொண்டேன்.

வழியில் மல்லிகா பழக்கிய கதையைச் சொன்னாள். எட்டு மாதத்துக்கு முன் வாங்கியது. முதல் மாதம் கூடவே நடந்தாள். அடுத்த மாதம் முதுகில் ஒரு கோணிச்சாக்கைப் போட்டு ஏறிவிட்டாள். ஊர் சும்மா இருக்குமா? "மகாராணி பவனி வர்றாங்க, குடை புடிங்கடா" என்றார்களாம். "நான் இறங்கல. மேல உக்காந்துக்கினு மூச்ச நீளமா வுட்டு 'ஹோ'ன்னா நிக்கணும்னு பழக்கினேன். கழுத்துல கயிறு எந்தப் பக்கம் உரசுதோ, அதுக்கு எதிர்ப்பக்கம் திரும்பணும். மூணாம் மாசம் வண்டியில பூட்டினேன். தினம் காலையில மலையச் சுத்தி ஒரு சுத்து. பழக்கமும் ஆச்சு, புண்ணியமும் ஆச்சு."

வியாழன் காலை கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் தந்தாள். களியை மெல்லக்கூடாதாம், உருட்டி விழுங்க வேண்டுமாம். புட்டுக்குப் பழகிய வாய் எனக்கு; மென்றேன். பல் எல்லாம் ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டிலிருந்து வந்த அவள் கணவனின் தம்பி ஏழுமலை அதைப் பார்த்து, "அண்ணி, இவங்களுக்கும் கடிவாளம் ஒத்துக்காது போல" என்றான். கணவன் பெங்களூரில் கட்டட வேலை. வீட்டு விவகாரங்களை அண்ணன் ஃபோனில் சொல்ல, தம்பி நடத்திவைக்கிறவன்.

வண்டியில் ஏறிக்கொண்டேன். மழைவிட்ட காலை. மலை ஈரத்தோடு, இப்போதுதான் முழுகி எழுந்த யானை மாதிரி வலப்பக்கத்தில் கூடவே வந்தது. வாயுலிங்கத்தின் முன்னால் பவுனு தானாக நின்றது. மல்லிகா இறங்கிக் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்து உட்கார, தானாகப் புறப்பட்டது. குபேரலிங்கத்திலும் அப்படியே. அதற்கும் அடுத்த டீக்கடையிலும் நின்றது. "அங்க என்ன லிங்கம்?" என்று கேட்டேன். "அங்க பன்னு" என்றாள். கடைக்காரர் ஒரு பன்னைப் பிய்த்துப் பவுனின் கன்னத்துக்குள் தள்ளிவிட்டார். அதற்கு நாக்கு பாதிதான் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

அதன்பிறகுதான் அது நடந்தது. பந்தல் மூங்கில் ஏற்றிய லாரி ஒன்று பாதையில் குறுக்கே நின்றுவிட்டது. காவலர் ஒருவர் இடப்பக்கத்துச் சந்து ஒன்றைக் காட்டி, அந்த வழியாய்ப் போகச் சொன்னார். மல்லிகா குதிரையின் கழுத்தில் வலப்பக்கம் கயிற்றை உரசினாள். பவுனு யோசித்தது. பிறகு வலப்பக்கம் திரும்பியது. இன்னும் வலம். இன்னும் வலம். வண்டியோடு முக்கால் வட்டம் அடித்து, கடைசியில் அந்தச் சந்துக்கு நேராய் மூக்கை வைத்து நின்றது. வேலை முடித்த பெருமையில் காதை ஆட்டியது.

காவலர் கைகொட்டிச் சிரித்தார். மல்லிகா சிரிக்கவில்லை. மறுபடி முயன்றாள். மறுபடியும் முக்கால் வட்டம். இறங்கிப் போய் கிலோமீட்டர்க் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"எட்டு மாசம் அக்கா. ஒரு நாள்கூட இடப்பக்கம் திருப்பச் சொல்லல."

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. மலையை வலமாகத்தான் சுற்றுவார்கள். எதிர்த்திசையில் சுற்ற யாருக்கும் மனம் வராது. அவள் வீடோ பாதைக்கு மலைப்பக்கத்தில். வீட்டிலிருந்து பாதையில் ஏற வலம் திரும்ப வேண்டும். சுற்றிவந்து வீட்டுக்குள் நுழையவும் வலம்தான். பாதை தானாக வளைந்தால் பவுனும் வளையும். கேட்டுத் திரும்புவதென்றால் அதற்கு உலகில் ஒரே பக்கம்தான் உண்டு.

"யாரு இந்த ஊர்ல இடப்பக்கம் பழக்குவாங்க?" என்றாள். கேள்வி இல்லை அது.

பின்னேரம் ஏழுமலை செய்தியோடு வந்தான். லாரிக்காரன் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தான். "அண்ணி, குதிரைக்கு பக்தி ஜாஸ்தியாமே." சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னான்: "அண்ணன் ஃபோன் பண்ணிச்சு. பாஸ் கிடைக்கலன்னா ஞாயித்துக்கிழம சந்தையில வித்துடச் சொல்லிச்சு. தீபத்துச் சந்தைக்கு வெளியூர்க்காரங்க வந்திருக்காங்க. நான் ஒரு ஆளப் பேசி வச்சிருக்கேன்."

"வாங்குறவன் என்னா பண்ணுவான்?"

"என்னா பண்ணுவான்? ஓட்டுவான்."

"கடிவாளம் போட்டு."

 பாதி நாக்குக்கு மேல் இரும்பு எப்படி உட்காரும் என்று மூன்று பேருமே நினைத்துப் பார்த்திருப்போம். மல்லிகா எழுந்தாள். "சனிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள் கீது. போய் வேலையப் பாரு."

அறுவடை முடிந்த வயலில் இருட்டும்வரை முயன்றாள். பவுனு வயலிலும் மலையை வலத்தில் வைத்துக்கொண்டு நின்றது. திசைகாட்டி முள் வடக்கே திரும்புகிற மாதிரி.

வெள்ளிக்கிழமை காலை எழுந்தபோது அவளிடம் ஒரு யோசனை இருந்தது. "வூட்டுக்குப் போவணும்னா அது தானா திரும்பும் அக்கா. வாயுலிங்கத்துக்கிட்ட இருந்து இந்தப் பக்கமா கூட்டிக்கினு வந்தா, வூடு இடப்பக்கம் வரும். அது திரும்புற நேரத்துல கயிற உரசிக் காட்டணும்."

"அப்ப கூட்டிக்கொண்டு வாருமன்."

அவள் தயங்கினாள். அப்படி வந்தால் மலை தன் இடக்கைப்பக்கம் வரும். தன் பிள்ளை நிமோனியாவில் கிடந்தபோது வேண்டிக்கொண்டாளாம்: இந்தப் பாதையில் எந்நாளும் மலையை வலத்தில் வைத்தே நடப்பேன் என்று. பிள்ளை பிழைத்து இப்போது செங்கத்தில் பாட்டி வீட்டில் படிக்கிறது. "அதை நான் மாத்த மாட்டேன்" என்றாள்.

பிறகு அவள் செய்ததை நான் எந்த ஊரிலும் கண்டதில்லை. வாயுலிங்கத்தருகே பவுனை எதிர்த்திசை பார்த்து நிறுத்தினாள். அதன் முன்னால் போய், அதன் முகத்தைப் பார்த்து நின்றாள். மலை இப்போது அவளுக்கு வலக்கைப்பக்கம். அப்படியே பின்னடியாய் நடக்கத் தொடங்கினாள். "வா" என்றாள். பவுனு வந்தது. முகத்துக்கு முகம், நடுவில் இரண்டு முழம்.

"நான் வலமாத்தான் நிக்கிறேன். காலுதான் பின்னால போவுது" என்றாள் என்னிடம். அதைச் சொல்லும்போது ஒரு குழியில் விழப்பார்த்தாள்.

அதிலிருந்து நான் அவள் முதுகுக்குக் கண்ணானேன். முன்னே நடந்து, "கல்லுக் கிடக்கு!", "பள்ளம்!", "சாணி!" என்று கத்திக்கொண்டு போனேன். வாயுலிங்கத்திலிருந்து வீடு வரை. வீட்டுக்கு நேரே வந்ததும் பவுனு தன் இடத்தோளைத் திருப்பும். அந்தக் கணத்தில் அதன் கழுத்தில் வலப்பக்கம் அவள் கயிற்றை உரசுவாள். பிறகு மறுபடி கொண்டுபோய் நிறுத்துவாள். திருவிழாவுக்கு முந்தியே வந்துவிட்ட யாத்திரிகர் கூட்டம் எங்களுக்கு இருபுறமும் பிரிந்து போனது. ஆந்திராக்காரி ஒருத்தி நின்று தெலுங்கில் ஏதோ கேட்டாள். மல்லிகா பின்னடியாய் நடந்தபடியே எனக்குச் சொன்னாள்: "எனக்கு வேண்டுதலா, குதிரைக்கு வேண்டுதலான்னு கேக்குறாங்க." என்ன சொன்னாய் என்றேன். "ரெண்டு பேருக்கும்னு சொன்னேன்."

மத்தியானம் மழை பிடித்தது. அவள் நிறுத்தவில்லை. குதிகாலில் தோல் வழன்றிருந்தது. ஏழுமலை டீக்கடைத் தாழ்வாரத்தில் நின்று, "அண்ணி, ரிவர்ஸ் கியர் நல்லா வேல செய்யுது" என்று கத்தினான். எத்தனையாவது நடை என்று எண்ணுவதை நான் விட்டிருந்தேன். பொழுதுசாயும் முன் வண்டியைப் பூட்டி, கயிற்றை என் கையில் தந்து, தான் முன்னால் பின்னடியாய் நடந்தாள். வீட்டுக்கு நேரே நான் கயிற்றை உரசினேன். பவுனு அழகாய் இடப்பக்கம் திரும்பியது. நாங்கள் இருவரும் கூவிய கூவலில் கோழிகள் சிதறின.

சனிக்கிழமை மைதானத்தில் அந்தக் கூவல் எவ்வளவு அவசரமானது என்று தெரிந்தது.

அதிகாரி நாற்காலியில் இருந்தார். சளி குறையவில்லை. ஏழுமலையும் வந்திருந்தான், சந்தைக்குக் கொண்டுபோகும் தலைக்கயிறு அவன் தோளில் சுருண்டு கிடந்தது. முதலில் நிறுத்தல். காவலர் ஒருவர் திடீரென்று விசிலை ஊதிக்கொண்டு குறுக்கே ஓடினார். மல்லிகா வண்டியில் மூச்சை விட்டு "ஹோ" என்றாள். பவுனு ஆணி அடித்த மாதிரி நின்றது. அதிகாரியின் புருவம் ஏறியது. வலம் திருப்பினாள். வெண்ணெயில் இறங்கிய கத்தி.

"இடது."

கயிறு உரசியது. பவுனு காதை முன்னும் பின்னும் ஆட்டியது. வீடும் இல்லை, முன்னால் மல்லிகாவின் முகமும் இல்லை. வலம், வலம், வலம்.

"இது இடதுபக்கம் இல்லம்மா. பிரதட்சணம்" என்றார் அதிகாரி. காவலர்கள் சிரித்தார்கள். ஏழுமலை சிரிக்கவில்லை, தோளில் இருந்த கயிற்றைத் தொட்டான், கையை எடுத்துக்கொண்டான்.

மல்லிகா வண்டியிலிருந்து குதித்தாள். பவுனின் முன்னால் போய், முகம் பார்த்து, புண்பட்ட குதிகால்களோடு பின்னடியாய் நடந்தாள். பவுனு வந்தது. அவள் ஒதுங்க, அதுவும் இடப்பக்கம் ஒதுங்கியது. ஒன்றல்ல, மூன்று தரம்.

"உன் மூஞ்சியப் பாத்தாத்தான் வருது. நாளைக்குக் கூட்டத்துல பின்பக்கமா நடப்பியா?"

"முன்பக்கமா நடக்குறேன் சார். வண்டியில ஏற மாட்டேன். அது என் பின்னால வரும்."

"ஒரு சுத்து பதினாலு கிலோமீட்டர்."

"எனக்குத் தெரியாதா சார்?"

"வரலன்னா?"

"அந்த இடத்துலயே புடுங்கிக்கோங்க பாஸ."

அதிகாரி பேனாவை எடுத்தார். தும்மினார். பிறகு எழுதினார்: உரிமையாளர் குதிரைக்கு முன்னால் நடந்து செல்ல வேண்டும், வண்டியில் ஏறக்கூடாது, முதல் தவறில் அனுமதி ரத்து. பழகிப் பார்க்க நேரமே இருக்கவில்லை. காலையிலிருந்தே மூட்டைகள் காத்துக்கிடந்தன. அன்று முழுவதும் பாதை வலமாகவே வளைந்தது. இடம் கேட்கும் இடம் ஒன்றும் வரவில்லை. ஏழுமலை கூடவே வந்து மூட்டை இறக்கினான். தோளில் கயிறு அப்படியே இருந்தது. சந்தைக்காரன் ஞாயிறு சாயங்காலம்வரை இருப்பானாம்.

தீபத்தன்று நான் அக்காவின் நேர்த்திக்கு வெறுங்காலோடு நடந்தேன். வண்டிச் சக்கரத்தை ஒட்டியே நடந்தேன். தோளும் தோளும் உரசும் கூட்டம். மல்லிகா குதிகால்களில் துணி சுற்றியிருந்தாள். அவள் முதுகிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பவுனின் மூக்கு. வெற்றுத் தலையோடு வரும் குதிரையைப் பார்த்துச் சனம் தானாக விலகியது. ஒருவர் அதன் நெற்றியில் திருநீறு பூசினார். வழக்கமான டீக்கடையில் அது நிற்க, கூட்டமும் நின்றது. பன்னைத் தின்றுவிட்டுத்தான் நகர்ந்தது.

சாயங்காலம் நெருங்கியது. அடுத்த வளைவில் கூட்டம் அடைத்துக்கொண்டது. மூங்கில் தடுப்பு. அதன்மேல் ஏறி நின்று, தொண்டை கட்டிய குரலில், "எல்லாரும் லெஃப்ட்ல போங்க, லெஃப்ட்ல!" என்று கத்திக்கொண்டிருந்தவர் அதே அதிகாரி. எங்களைக் கண்டதும் கத்துவதை நிறுத்தினார்.

இடப்பக்கம் ஒரு சந்து. பவுனுக்கு வீடில்லாத சந்து. மல்லிகா அதற்குள் திரும்பினாள். நின்று முகத்தைக் காட்டவில்லை, கூப்பிடவில்லை, வேகத்தைக் குறைக்கவும் இல்லை. திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

பவுனு நின்றது. ஒரு காது அவள் பக்கம். மற்றக் காது மலைப்பக்கம். பின்னால் வந்த சனம் சக்கரத்தில் முட்டியது.  அவள் முதுகு ஐந்து முழம், ஏழு முழம், பத்து முழம் தூரமானது. இடையில் இரண்டு பேர் புகுந்தார்கள்.

முதலில் மலைப்பக்கத்துக் காது முன்னால் வந்தது. பிறகு கழுத்து. பிறகு அந்தப் பெரிய மஞ்சள் தோள், கதவு திறப்பதுபோல், இடப்பக்கம் திரும்பியது. வண்டி கிறீச்சிட்டுப் பின்தொடர்ந்தது. இடையில் புகுந்த இருவரையும் மூக்கால் விலக்கிக்கொண்டு அது தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

தடுப்பின்மேல் அதிகாரி மறுபடி கத்தத் தொடங்கினார். திருப்பத்தில் சரிந்த அரிசி மூட்டையை ஏழுமலை ஓடிப்போய்ப் பிடித்தான். தோளில் கிடந்த தலைக்கயிற்றை உருவி, மூட்டையை வண்டியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினான்.

மல்லிகா இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் பார்த்தபடியே கேட்டாள்: "வந்துச்சா அக்கா?"

"வந்திட்டுது."

"அப்ப நடங்க. இன்னும் ஒரு சுத்து கீது."